ஏற்றமில்லாத மூன்று கிலோமீட்டர்

இடுக்கி மலையில் சின்னக்கானலுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மலை ஏறத்தான் வருகிறார்கள். ஏறி என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மீதிக் கால்வாசியில் முழங்கால் தேய்ந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், ஜீப்பில் இடமில்லை என்று மருமகள் இறக்கிவிட்டுப் போன மாமியார்கள். இவர்களுக்கென்றே பின்சி தன் தங்கும் விடுதி வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தாள். 'ஈஸி வாக். ஏரியோரம் மூன்று கிலோமீட்டர். ஏற்றம் இல்லை.' அதற்கு வழிகாட்டி சந்தனமேரி.

வழிகாட்டி என்பது பெரிய வார்த்தை. இருப்பது ஒரே வழி. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் டேம் தண்ணீர், நடுவே ஒரு ஜீப் அகலத்துக்கு மண் ரோடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தொலைய முடியாது. ஆனால் ஆனை நடமாட்டம் உள்ள இடம். காற்றில் வாடை வந்தால் தெரிய ஒரு மூக்கும், கிராண்டிஸ் தைல மரங்களுக்குள் கிளை ஒடிந்தால் கேட்க ஒரு காதும் கூட வர வேண்டும். முப்பத்தோரு வருஷம் கொழுந்து கிள்ளிவிட்டு வேலையிலிருந்து நின்ற சந்தனமேரிக்கு இரண்டும் நன்றாக இருந்தன. முழங்கால்தான் போய்விட்டது. மெதுவாக நடப்பவர்களைக் கூட்டிப்போக மெதுவாக நடக்கிற ஆள்தான் தோது என்று பின்சி முடிவு செய்தாள். கோதமங்கலத்திலிருந்து வந்து தனியாளாக விடுதி நடத்துகிற மலையாளி, கெட்டிக்காரி.

சந்தனமேரிக்கு ஐம்பத்தொன்பது வயது. புருஷன் போய்ப் பதினாறு வருஷம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அவனிடமிருந்து போன் வரும். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பாள், அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. வேலை நின்றதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி செய்தாயிற்று. இப்போது சிட்டியில் ஒற்றை அறை. இடுக்கியில் நாலு கடையும் ஒரு பஸ் ஸ்டாப்பும் சேர்ந்தால் அதற்குச் சிட்டி என்று பேர் வைத்துவிடுவார்கள். அந்த மாதிரிச் சிட்டி. காலையில் ஊர் பேர் தெரியாத யாரோடோ மூன்று கிலோமீட்டர் நடப்பாள். அவர்கள் மறுநாள் போய்விடுவார்கள். அடுத்த நாள் வேறு ஆட்கள். ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு. தனியாக இருக்கிறேனே என்று அவள் யாரிடமும் புலம்பியதில்லை. புலம்புவதற்கு ஓர் ஆள் இருந்தால் அப்புறம் என்ன குறை?

அந்த ஆறு வருஷத்தில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே ஒருத்தி, பாலக்காட்டு ருக்கியா.

ருக்கியா ராவுத்தர் வீட்டுப் பெண். பாலக்காட்டில் பலசரக்குக் கடைக் குடும்பம். புருஷன் கமால் இறந்த வருஷம், அம்மாவுக்கு மனசு மாறட்டும் என்று மகன் ஜுனைத் குடும்பத்தோடு கூட்டி வந்தான். வந்தவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜீப் ஏறிப் போய்விட்டான், அம்மாவை ஈஸி வாக்கில் விட்டுவிட்டு. நல்ல மனசு மாற்றம். ருக்கியாவுக்கு அறுபத்தைந்து தாண்டியிருந்தது. வலது காது சுத்தமாகக் கேட்காது. இடது காதில் பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். காதில் மாட்டுகிற மிஷின் ஒன்று வைத்திருந்தாள். ஏரிக்காற்றுக்கு அது இரைகிறது என்று கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சந்தனமேரி இரண்டு தடவை ஏதோ சொல்லிப் பார்த்தாள். விழவில்லை. சரி, எதற்குக் கத்துவானேன் என்று பேசாமல் நடந்தாள். போக வர இரண்டரை மணி நேரம் ஒரு வார்த்தை கிடையாது. விடுதி வாசலுக்கு வந்ததும் ருக்கியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பேசவே இல்ல, அதான் எனக்குப் புடிச்சுது. மத்தவங்க வாயைத் தொறந்து தொறந்து மூடறாங்க, பாத்துப் பாத்து எனக்குத் தலை நோவுது. நாளைக்கும் வரட்டா?"

அப்படி ஆரம்பித்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் பிப்ரவரியில் ஏழு நாள், ருக்கியா மட்டும். ஜுனைத் காரில் கொண்டுவந்து விடுவான், ஏழாம் நாள் வந்து கூட்டிப்போவான். காலை ஏழு மணிக்குப் பனி விலகும்போது இரண்டு பேரும் கிளம்புவார்கள். ருக்கியாவின் இடது கைப்பக்கம்தான் சந்தனமேரி நடப்பாள், கேட்கிற காது அந்தப் பக்கம் என்பதால். ரோட்டின் இடது ஓரம் இவளுக்கு, வலது ஓரம் அவளுக்கு. பாதி வழியில், திரும்பி நடக்கிற இடத்தில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு பட்டைக்கல் கிடக்கும். அதிலும் அதே வரிசையில் உட்கார்வார்கள். பிளாஸ்கில் பால் விடாத கட்டன் சாயா இவளுடையது, கடையிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழம் அவளுடையது. தண்ணீர் இறங்கியிருக்கும் மாசம். கரையில் செம்மண் வரிவரியாகத் தெரியும், நாரைகள் நிற்கும். பேச்சு என்றால் அந்தக் கல்லில் உட்கார்ந்து பேசுகிற நாலு வார்த்தைதான். நாற்பது வருஷம் தன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தின மனுஷனைப் பற்றி ஒரு நாள் ருக்கியா சொன்னாள்.

"அவர் போன பொறவுதான் மேரி, எனக்கு நெசமாவே காது கேக்காமப் போச்சு."

சந்தனமேரி சாயாவை ஊற்றி நீட்டினாள். தன் புருஷன் போனபிறகு தனக்கு என்ன போயிற்று என்று யோசித்தாள். பேச்சு போயிற்று என்று தோன்றியது. காது போனவளும் பேச்சு போனவளும் ஒரே கல்லில் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். வருஷத்தில் அந்த ஏழு நாள். அதை வைத்துக்கொண்டுதான் சந்தனமேரி மிச்ச நாட்களை ஓட்டினாள் என்றால் கொஞ்சமும் மிகையில்லை. ஜனவரி பிறந்தாலே பிளாஸ்கைப் புளிபோட்டுத் துலக்க ஆரம்பித்துவிடுவாள்.

வினை நாலாவது வருஷம் வந்தது. டேமுக்குள் ஆறு வந்து சேருகிற இடம் பட்டைக்கல்லுக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றோரமாக ஒற்றையடிப் பாதை போகும். அதுவும் மேடில்லை, ஆனால் கல்லைத் தாண்டி விருந்தாளிகளைக் கூட்டிப்போகக் கூடாது என்பது பின்சியின் சட்டம். அந்த வருஷம் ஆறாம் நாள் ருக்கியா ஆற்றுப் பக்கம் கை காட்டினாள். ஒரே ஒரு தடவை என்றாள். பின்சிதானே, அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். சந்தனமேரிக்கு அவள் கேட்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

போன அரை மணி நேரமும் பொன்னான நேரம். ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், கூழாங்கல் தெரிய ஓடியது. ருக்கியா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நனைத்தாள். குளிர் தாங்காமல் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துச் சந்தனமேரி பார்த்ததில்லை. திரும்பும்போதுதான் தப்பு நடந்தது. பாதை ஒருவர் நடக்கிற அகலம். பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. சந்தனமேரி முன்னால் போனாள். ஓரிடத்தில் சேறு. "சேறு இருக்குக்கா, பாத்து வாங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனாள். முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள். நாலு வருஷம் கூட நடந்த பழக்கத்தில், அந்த ஒரு நிமிஷம், பின்னால் வருகிறவளுக்குக் காது கேட்காது என்பதே அவளுக்கு மறந்துபோனது.

சறுக்கிய சத்தம் கேட்டுத் திரும்பினாள். ருக்கியா இடது கையை ஊன்றி விழுந்து கிடந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஜுனைத் மறுநாள் விடியும்போதே வந்துவிட்டான். அவன் கத்தவில்லை. "உங்களை நம்பித்தானே விட்டோம்" என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால் தேவலை. காரில் ருக்கியா குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் திரும்பும்போது தலை நிமிர்ந்து பார்ப்பாள் என்று சந்தனமேரி நின்றாள். பார்க்கவில்லை. வலி என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் கொண்டாள். மனசு கேட்கவில்லை.

ஏப்ரலில் விடுதி விலாசத்துக்கு ஒரு கார்டு வந்தது. மேரிக்கு என்று போட்டிருந்தது. எழுத்து மலையாளம். சந்தனமேரி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், மலையாள எழுத்து ஒன்றும் தெரியாது. ருக்கியா பாலக்காட்டில் மலையாளம் படித்தவள், தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் பேசுவது தமிழ்தான்; அந்தத் தமிழை மலையாள எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். பின்சி கார்டை வாங்கி, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"மேரிக்கு ருக்கியா எழுதுறது. கைக்கட்டு அவுத்தாச்சு. அந்த ஆத்தோரம் நடந்ததையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். மறுபடி வேண்டாம். ஒடம்பப் பாத்துக்கோ."

அம்புட்டுத்தானா என்று சந்தனமேரி கேட்டாள். அவ்வளவுதான் என்றாள் பின்சி. கார்டு வேண்டுமா என்றாள். படிக்கத் தெரியாத கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்சி அதை மேஜை டிராயருக்குள் போட்டாள்.

அறைக்குப் போய்ச் சந்தனமேரி அழுதாளா என்றால், அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. மறுபடி வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு தபாலா? சும்மா இருந்திருந்தால் நானே புரிந்துகொண்டிருக்க மாட்டேனா? அடுத்த பிப்ரவரியில் வராமல் இருந்தால் போதாதா? வேலை மெனக்கெட்டுக் கார்டு வாங்கி, எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாளே மகராசி! இப்படி ஒரு வாரம் திட்டினாள். அப்புறம் திட்டவும் முடியவில்லை. வேண்டாம் என்றவள் மேல் என்ன தப்பு? சேற்றில் விழ வைத்தது யார்?

அந்த வருஷம் முழுக்க வேலை மட்டும் நடந்தது. கோயமுத்தூர்க்காரர்கள் வந்தார்கள், எர்ணாகுளத்துக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் மூன்று கிலோமீட்டரும் போனில் நிலம் விற்றுக்கொண்டே வந்தார். ஓர் அம்மா ஏரியைப் பார்த்து, இது ஏரியா டேமா என்று கேட்டுவிட்டு, டேம் என்று தெரிந்ததும் ஏமாந்துபோனாள். சந்தனமேரி எல்லாரோடும் ரோட்டின் இடது ஓரமாகவே நடந்தாள். வலது பாதி காலியாகக் கிடந்தது. கொஞ்சம் நடுவில் நடந்தால் நாங்களும் பக்கத்தில் வரலாமே என்று சிலர் சொன்னார்கள். பத்தடி நடுவில் நடப்பாள். அப்புறம் கால் தானாக ஓரத்துக்குப் போய்விடும். ஆற்றோரப் பாதை பக்கம் அவள் தலை வைத்தும் படுக்கவில்லை.

பிப்ரவரி வந்தது. ருக்கியா வருகிறாள், ஏழு நாளுக்கு அறை சொல்லியிருக்கிறார்கள் என்று பின்சி சொன்னபோது சந்தனமேரி பிளாஸ்கைத் திருகி மூடினாள். வந்தால் என்ன? ஏரிக்கு வருகிறாள். தண்ணீர் என்ன சந்தனமேரி வீட்டுச் சொத்தா? நடை வேண்டும், என் துணை வேண்டாம், அவ்வளவுதான். எதிரில் போய் நின்று அவளுக்குச் சங்கடம் கொடுப்பானேன்? அந்த வாரம் திருப்பூருக்கு, மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று பின்சியிடம் சொன்னாள். பின்சி தன் சித்தி மகள் நிமியை ஈஸி வாக்குக்கு வரச் சொன்னாள்.

சந்தனமேரி திருப்பூருக்குப் போகவில்லை. மகனிடம் வரட்டுமா என்று கேட்கக்கூட இல்லை. முதல் நாள் அறையைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தாள். இரண்டாம் நாள் இருக்க முடியவில்லை. விடியற்காலை எழுந்து, சுற்றுவழியாகத் தண்ணீருக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைச் சரிவுக்குப் போய் ஏறினாள். ஏற்றம் இல்லாத நடைக்கென்று வேலைக்கு வைத்த பெண், முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். மேலே ஒரு நிழல் மரத்தடியில் உட்கார்ந்தால் எதிர்க்கரை ரோடும் பட்டைக்கல்லும் நன்றாகத் தெரியும்.

அவர்கள் வந்தார்கள். ருக்கியா மெலிந்திருந்தாள். நிமி வலது பக்கமாக நடந்து வந்தாள். கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள், கேட்காத காதுக்கு. 'அந்தப் பக்கம் இல்லம்மா, இந்தப் பக்கம் வா' என்று சந்தனமேரி வாய்க்குள் சொன்னாள். நிமி நல்ல பெண்தான், யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்?

ருக்கியா பட்டைக்கல்லில் உட்கார்ந்தாள், வலது கோடியில். கைப்பையை இடது பக்கம் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது பக்கம் காலியாக இருந்தது. நிமி கீழே புல்லில் உட்கார்ந்து போன் பார்த்தாள். ருக்கியா அடிக்கடி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

இடையில் இருந்தது கூப்பிடு தூரம்தான், கூப்பிட்டால் காதில் விழுகிறவளாக இருந்தால். சந்தனமேரி ஒரு தடவை கூப்பிட்டும் பார்த்தாள். "அக்கா" என்று. கேட்காது என்ற தைரியத்தில்தான் கூப்பிட்டாள். நிமி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சந்தனமேரி தேயிலைக்குள் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாளும் அதேபோல. அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் வீம்பு விடவில்லை. பெரிய கல், ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள், அதற்கு நான் என்ன அர்த்தம் கண்டேன் என்று தன்னையே அதட்டிக்கொண்டு இறங்கினாள். வேண்டாம் என்று எழுதியது எழுதியதுதானே? நாலாம் நாள் எதிர்க்கரையில் யாரும் வரவில்லை. ஏழு நாளுக்கு வந்தவள் நாலாம் நாள் காலையிலேயே மகனை வரவழைத்துப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. விருந்தாளிகள் இல்லை. சந்தனமேரி விடுதி வராந்தாவில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தாள். பின்சி போனைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். போன வாரம் வந்த கோயமுத்தூர்க் குடும்பம், இந்த விடுதிச் சாம்பாரில் உப்பே இல்லை என்று ஊரறிய இன்டர்நெட்டில் எழுதிவிட்டதாம்.

"ஞான் இதுக்கு மறுபடி கொடுக்கணும் சேச்சி" என்றாள் பின்சி.

சாம்பாரை எதற்கு மறுபடி கொடுக்க வேண்டும், அவுகதான் ஊருக்குப் போயிட்டாகளே என்றாள் சந்தனமேரி.

பின்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "சாம்பார் இல்ல சேச்சி. மறுபடி. அவங்க எழுதினதுக்கு நாம திரிச்சு எழுதறது. உங்க தமிழ்ல என்ன சொல்வாங்க, பதில்!"

சந்தனமேரி தம்ளரைக் கீழே வைத்தாள். அந்த வார்த்தையை அவள் அந்த அர்த்தத்தில் கேட்காதவள் இல்லை. பஞ்சாயத்து ஆபீசில், ரேஷன் கார்டுக்கு அலைந்தபோது, மறுபடி வந்தால் சொல்கிறோம் என்று மலையாளத்தில் எத்தனை தடவை விரட்டியிருக்கிறார்கள். அந்தக் கார்டு முழுக்க மலையாளமாக இருந்திருந்தால் அவளுக்குச் சரியாகவே விளங்கியிருக்கும். அது தமிழில் இருந்தது. அதனால் தமிழாகவே காதில் விழுந்தது.

"பின்சிம்மா, அந்தக் கார்டு கெடக்கா?"

டிராயரில் பில்லுகளுக்கு அடியில் கிடந்தது. பின்சி மறுபடியும் படித்தாள். 'மறுபடி வேண்டாம்' என்ற இடத்தில் சந்தனமேரி நிறுத்தச் சொன்னாள். இதற்கு உங்க பாஷையில் என்ன அர்த்தம் என்று கேட்டாள். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பின்சி பார்த்தாள். சேச்சிக்கு மலையாளம் எழுத வராது, அவங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, இதற்காகச் சேச்சி யாரிடமாவது போய் நின்று சிரமப்பட வேண்டாம், பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறாங்க, பாவம், நல்ல மனசு என்றாள்.

ஆமாம், நல்ல மனசுதான். ருக்கியா வாயால் பேசும்போது மறுபடி என்றால் அவளுக்கும் 'திரும்ப' என்றுதான் அர்த்தம். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் அவளுக்கு வருவது பள்ளிக்கூடத்து மலையாளம். ஆயுசில் எழுதிய கடுதாசி அத்தனையும் அதில்தானே எழுதியிருக்கிறாள். பின்சி படித்தது தன் பாஷையில், சந்தனமேரி கேட்டது தன் பாஷையில். ஒரே வாக்கியம், ஒரே சத்தம். பத்து மாசம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் தினம் பார்த்துக்கொண்டு, ஒரு தடவைகூட அதைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் பின்சி இன்னொன்று சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "போற அன்னிக்கு அவங்க எங்கிட்ட கேட்டாங்க. மேரிக்கு என்மேல வருத்தமான்னு. ஏ, இல்ல, மகன் வீட்டுக்குப் போயிருக்குன்னு சொன்னேன். அவங்க நம்பின மாதிரி தெரியல."

வராந்தாவிலிருந்து பார்த்தால் ஏரியின் ஒரு மூலை தெரியும். சந்தனமேரி அதைப் பார்த்தாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. தேயிலைக்குள் தான் குனிந்துகொண்டது ஞாபகம் வந்தபோது, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு கூசியது.

பின்சி அப்போதே போனைக் கையில் எடுத்தாள். ஜுனைத்துக்கு அடித்து, ஒரு வார்த்தை இப்படி மாறிப்போயிற்று என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றாள். சந்தனமேரி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வார்த்தை மாறுனது யாரு குத்தமும் இல்ல பின்சிம்மா. ஒளிஞ்சு உக்காந்தது நானு. அதை மகன் வாயால சொல்லக் கூடாது."

மறுநாள் தபால் ஆபீசில் ஆறு கார்டு வாங்கிக்கொண்டு வந்தாள். முதல் கார்டில் அவள் சொல்லச் சொல்லப் பின்சி எழுதினாள். நடந்தது, நடக்காதது, சேறு, சரிவு, எல்லாவற்றையும் சொன்னாள். எழுதி முடித்துப் பின்சி படித்துக் காட்டியபோது எஸ்டேட் மேனேஜருக்கு எழுதின மனு மாதிரி இருந்தது. கிழிக்கச் சொன்னாள். அப்புறம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, இரண்டே வார்த்தை, அதற்குக் கீழே என் பேர், பெரிசு பெரிசாக மலையாளத்தில் எழுதிக் கொடுங்கள், பார்த்து நானே எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

என்ன வார்த்தை என்றாள் பின்சி.

"மறுபடி வேணும்."

பின்சி பேனாவோடு நிமிர்ந்தாள். பதில் வேணுமா, இல்லை திரும்ப நடக்க வேணுமா, எது என்று எழுதாவிட்டால் திரும்பவும் குழப்பமாகிவிடுமே என்றாள்.

"எழுதுங்க. அக்காவுக்கு ரெண்டு பாஷையும் தெரியும்."

மலையாள எழுத்து எல்லாம் வளையம் வளையமாக இருந்தது. கொழுந்து கிள்ளிய விரல்; வளைய மறுத்தது. மூன்று கார்டு பாழானது. நாலாவதில் எழுத்து கோணல்மாணலாக வந்தாலும் வாசிக்கலாம் என்று பின்சி ஒப்புக்கொண்டாள். சந்தனமேரி என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பரவாயில்லை என்று சந்தனமேரியே தபால் பெட்டியில் போட்டாள்.

இது மார்ச் மாசத் தொடக்கம். அதற்கப்புறம் அவள் தினமும் நடையை முடித்துவிட்டு, தபால்காரர் வருகிற நேரம்வரை விடுதி வராந்தாவில் இருந்துவிட்டுத்தான் அறைக்குப் போவாள். மின்சார பில் வந்தது, பஞ்சாயத்து நோட்டீஸ் வந்தது. ஈஸ்டர் வந்து போனது. முதல் கோடை மழை பெய்து ரோடு சேறானது. சேற்றைக் கண்டால் இப்போதெல்லாம் சந்தனமேரி நின்று, முழுசாகத் திரும்பி, பின்னால் வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள். காது நன்றாகக் கேட்கிறவர்களிடமும் அப்படித்தான்.

நேற்று ஈரோட்டிலிருந்து வயசான தம்பதி வந்திருந்தார்கள். அந்த அம்மா நடந்துகொண்டே சந்தனமேரியைப் பார்த்துவிட்டு, ஏனுங்க, இம்புட்டு அகல ரோட்டுல ஏன் செவுத்தோரமா ஒண்டற மாதிரி நடக்கறீங்க, இந்தப் பக்கம் இடம் கெடக்குதே என்று கேட்டாள்.

"அந்தப் பக்கத்துக்கு ஆள் வரணும்மா" என்றாள் சந்தனமேரி.